என்னைப் பற்றிய இணையக் கட்டுரையில் அந்த ஒரு வரி நீக்கப்பட வேண்டாம் என்பது குறித்து

நாள்: 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ஆம் தேதி, வியாழக்கிழமை
நேரம்: காலை 10.40 மணி
இடம்: காவல் நிலைய முன்கூடம்

மனு ரசீது எண் 318/2009 தொடர்பாக: வாக்குமூலம் எண் 1

என் பெயர் தே. ஏசுபாதம். தந்தை பெயர் தேவசகாயம், காலஞ்சென்றவர். நான் 12.06.1937 அன்று பிறந்தவன், வயது 72. கிழக்குத் தாம்பரத்தில் சொந்த வீட்டில் என் மனைவி ஜான்சியுடன் குடியிருந்து வருகிறேன். இப்பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றி 31.05.1995 அன்று ஓய்வு பெற்றேன். பார்வைக்குக் கண்ணாடி அணிகிறேன். செவி நன்றாகக் கேட்கிறது.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்வதும், முடிவில் நான் கையொப்பமிடுவதும் இங்கு வழக்கம் என்று தெரிவிக்கப்பட்டது. தலைமைக் காவலர் முதல் வரியாக, "மேற்படி பெண் என்னைப் பற்றி அவதூறாக எழுதியதை அறிந்து" என்று எழுதத் தொடங்கினார். நான் அவ்வாறு சொல்லவில்லை என்று எடுத்துச் சொன்னதன் பேரில், உதவி ஆய்வாளர் திருமதி காந்திமதி அவர்கள் அந்தத் தாளை அகற்றி, புதிய தாளும் மேசையும் கொடுத்து என் கைப்படவே எழுத அனுமதித்தார்கள். அதற்கு என் நன்றியை இங்கேயே பதிவு செய்கிறேன்.

மேற்படி மனு என் சார்பில் கொடுக்கப்பட்டதாக உள்ளது. நான் மனு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கும்படி எவரிடமும் சொல்லவும் இல்லை. நடந்தது பின்வருமாறு.

பம்மலிலும் அதைச் சுற்றிலும் தோல் பதனிடும் கூடங்களுக்கு அருகே உள்ள கிணறுகளில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்பதை 1978-ஆம் ஆண்டு முதல் சோதித்து அறிக்கை எழுதி வந்திருக்கிறேன். 22.11.2007 வியாழக்கிழமை அன்று பன்னிரண்டு கிணறுகளில் நீர் எடுத்தேன். ஒன்பது புட்டிகளை மதியத்துக்குள் மறைமலை நகரில் உள்ள சோதனைக்கூடத்தில் ஒப்படைத்தேன். மீதி மூன்றை மாலையில் எடுத்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டபோது கனமழை பெய்து, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை முற்றிலும் அடைபட்டுவிட்டது. வேறு வழியின்றி வீடு திரும்பி, முத்திரையிட்ட அந்த மூன்று புட்டிகளையும் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் காலை 8.30 மணிக்குச் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன்.

அதன் பின்னர், என் அறிக்கை வெளிவந்ததும், 06.03.2008 அன்று தோல் பதனிடும் கூடங்களின் உரிமையாளர்கள் சிலர் பத்திரிகையாளர்களை அழைத்து, நான் வீட்டில் வைத்துப் புட்டிகளில் குரோமியம் கலந்ததாகக் குற்றம் சாட்டினார்கள். அது குறித்து விசாரிக்க மூவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 29.08.2008 அன்று அக்குழு அளித்த அறிக்கையில், கலப்படத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை, முத்திரைகள் சிதையவில்லை என்று கூறப்பட்டது. அதே பத்தியில், மூன்று மாதிரிகளை ஓர் இரவு வீட்டில் வைத்தது நடைமுறைக்கு மாறானது என்றும் கூறப்பட்டது. இரண்டையும் ஏற்றுக்கொண்டு ஒரு நாளிதழுக்கு நான் எழுதிய கடிதம் 10.09.2008 அன்று பிரசுரமானது.

இணையத்தில், பலர் கூடிக் கூலியின்றி எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று உள்ளது. அதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது கட்டுரையின் பின்னால் வரலாறு என்ற பக்கத்தில் அழியாமல் நிற்கும். என் பெயரிலும் அதில் ஒரு கட்டுரை இருப்பதாக என் பழைய மாணவர் ஏகநாதன் 2006-ஆம் ஆண்டில் சொன்னார். என்னைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிப்பது எனக்குக் கூச்சம் தரும் காரியம் என்பதால் நான் திறந்து பார்க்கவில்லை. 2008-க்குப் பிறகு கூச்சம் அச்சமாக மாறியது. அப்போதும் பார்க்கவில்லை.

இம்மாதம் 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து நாங்கள் திரும்பியபோது, எங்கள் வாசற்கதவுக்கு வெளியே சுமார் 55 வயதுள்ள ஒருவரும் ஓர் இளம்பெண்ணும் நின்றிருந்தார்கள். உள்ளே வரும்படி அழைத்தேன். அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தும் நாற்காலியில் உட்காரவில்லை.

"சார், என் பேரு அத்தாவுல்லா. பம்மல்ல தோல் ஷாப்புல சூப்பர்வைசரா கீறேன். இது என் பொண்ணு ஷபீனா. உங்களப் பத்தி கம்ப்யூட்டர்ல இன்னாமோ தப்பா எழுதிச்சாம். ஸ்டேஷன்ல கூப்ட்டு உக்கார வச்சிட்டாங்க. நீங்கதான் கம்ப்ளெய்ன்ட் குடுத்ததா சொல்றாங்க சார்," என்றார்.

நான் கொடுக்கவில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். அதன் பின்னரே உட்கார்ந்தார்.

ஷபீனா என்ற அப்பெண் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார், வயது 26. அவர் தெரிவித்ததாவது: 26.10.2009 அன்று ஏகநாதன் என் சார்பில் ஒரு மனு கொடுத்திருக்கிறார். நான் கைது செய்யப்பட்டதாக ஷபீனா கலைக்களஞ்சியத்தில் பொய் எழுதினார் என்றும், தோல் பதனிடும் கூடங்களின் உரிமையாளர்களது தூண்டுதலே அதற்குக் காரணம் என்றும் அதில் உள்ளது. 12-ஆம் தேதி தந்தையையும் மகளையும் அழைத்து விசாரித்தார்கள். அலுவலகம் அவரை ஜெர்மனிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்திருக்கிறது, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். மனு நிலுவையில் உள்ளதால் காவல் துறைச் சரிபார்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் கடவுச்சீட்டு வராவிட்டால் வேறொருவரை அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் அதை எழுதினீர்களா என்று கேட்டேன்.

"எழுதல சார். வேற யாரோ எழுதினாங்க. நான் எடுத்தேன்," என்றார்.

அதன் பின்னர் என் கணினியை இயக்கி அந்தக் கட்டுரையைத் திறக்கச் சொன்னேன். முதலில் கட்டுரையையும், பிறகு அதன் வரலாற்றையும், பிறகு எழுதுபவர்கள் தங்களுக்குள் விவாதித்துக்கொள்ளும் உரையாடல் பக்கத்தையும் படித்தேன். படித்து முடிக்க மாலையாகிவிட்டது. அன்று எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு வைத்திருந்தோம். என் மனைவி அதை மூடி உள்ளே வைத்துவிட்டு, ரசமும் முட்டைப் பொரியலும் செய்து நால்வருக்கும் பரிமாறினார். கோழி ஹலால் முறையில் அறுத்தது அன்று என்பதே காரணம்; அதை அவர் சொல்லவில்லை. அத்தாவுல்லா கவனித்தார், "அம்மாவுக்கு எங்களால கஷ்டம்," என்று மட்டும் சொன்னார்.

நான் படித்தவற்றுள் விசாரணைக்குத் தேவையானவற்றைக் கூறுகிறேன். 2008 மார்ச் மாதத்தில், பெயருக்குப் பதில் எண் மட்டும் காட்டும் பல பேர் வந்து என்னைப் போலி என்றும் விலைபோனவன் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஷபீனா அதை நீக்கி, நீக்கியதன் காரணத்தையும் எழுதியிருக்கிறார். உரையாடல் பக்கத்தில் அவர் 09.03.2008 அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "இவர் உயிரோடு இருப்பவர். நாளை காலை இதைப் படிக்கப் போகிறவர். குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டு என்றே எழுதுவோம், யார் சாட்டினார் என்பதோடு. விசாரணை முடியுமுன் முடிவை நாம் எழுத வேண்டாம்."

ஒரு கட்டத்தில் சர்ச்சையைப் பற்றிய பகுதி மட்டும் நாற்பது வரியாகப் பெருகியிருந்தது. கிணறுகளைப் பற்றி ஆறே வரிகள். முப்பது ஆண்டு வேலையையும் ஒரு மாதச் செய்தியையும் இந்த அளவில் வைப்பது சரியில்லை என்று அவர் எழுதி, மற்றவர்களிடம் கேட்டு, அவர்கள் இசைந்த பிறகு அதை நான்கு வரியாகச் சுருக்கியிருக்கிறார். கிணறுகளைப் பற்றிய பகுதியை என் பழைய அறிக்கைகளைத் தேடிப் படித்து விரித்திருக்கிறார். மூவர் குழுவின் அறிக்கை வந்ததும், பத்திரிகைகளில் வந்த சுருக்கத்தை நம்பாமல், விடுப்பு எடுத்து நூலகத்துக்குச் சென்று பதினாறு பக்கங்களையும் வாசித்து, இரண்டு முடிவுகளையும் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நாளிதழில் வந்த என் பதிலையும் சேர்த்திருக்கிறார். அந்தக் கடிதத்தின் நறுக்கு என்னிடமே இல்லை. என்னை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் எனக்காக அதைத் தேடி வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "நம்ம ஃப்ரிட்ஜும் இதுல வந்திருக்குங்க. மீன் குழம்புக்குப் பக்கத்துல வச்சீங்கன்னு மட்டும் போடல, அதுவரைக்கும் நல்லது," என்றார். ஷபீனா அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

உரையாடல் பக்கத்தில் மற்றொரு குறிப்பும் இருந்தது. 07.03.2008 அன்று, அதாவது இக்கட்டுரையில் கைவைத்த முதல் நாளே, ஷபீனா இவ்வாறு எழுதியிருக்கிறார்: "என் தந்தை பம்மலில் ஒரு தோல் பதனிடும் கூடத்தில் மேற்பார்வையாளர். ஆகவே இக்கட்டுரையில் நான் செய்யும் திருத்தங்களை வேறொருவர் சரிபார்க்க வேண்டுகிறேன்." இவ்வாறு தன் சார்பை முன்னதாகவே அறிவிப்பது அங்கு எழுதுபவர்களின் வழக்கம். இந்தக் குறிப்பைத்தான் ஏகநாதன் தம் மனுவில் உள்நோக்கத்துக்குச் சான்றாகக் காட்டியிருக்கிறார் என்று தெரிந்தது.

"இத எவன் எழுதச் சொன்னான்? யாரு கேட்டா உன்ன, உங்க அப்பன் இன்னா வேல செய்றான்னு?" என்று அத்தாவுல்லா கேட்டார்.

"யாரும் கேக்கலப்பா. கேக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்."

"பாத்தீங்களா சார். வூட்லயும் இப்டித்தான். நான் பீடி குடிச்சத அவங்கம்மாகிட்ட சொல்லாதன்னா, சரின்னு தலையாட்டும். அவங்க கேட்டா அடுத்த நிமிஷம் சொல்லிரும்."

நான் ஷபீனாவிடம் ஒன்று கேட்டேன் என்பதையும் எழுத வேண்டும். வீட்டில் வைத்தது நடைமுறைக்கு மாறானது என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆயினும் அந்த வரியைத் திரையில் பார்த்தபோது கேட்கத் தோன்றியது.

அவர் உடனே மறுக்கவில்லை. "எடுக்கறது ஒரு நிமிஷ வேலை சார். ஆனா எடுத்துட்டா, நாளைக்கு ஒருத்தர் வந்து மறைச்சிட்டாங்கன்னு இதவிட மோசமா எழுதுவார். அத நான் எந்த முகத்தோட எடுப்பேன்? இந்த வரி இருக்கறதாலதான் மத்ததெல்லாம் என்னால எடுக்க முடியுது," என்றார்.

அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டுக் கணினியை அணைத்தேன். அவர்கள் போகும்போது அத்தாவுல்லாவிடம், செவ்வாய்க்கிழமைக்குள் நான் காவல் நிலையத்துக்கு வருவேன் என்று கூறினேன்.

மறுநாள் 16-ஆம் தேதி திங்கட்கிழமை மாலை, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் மாடியில் ஏகநாதன் நடத்திவரும் தனிப்பயிற்சி நிலையத்துக்குச் சென்றேன். ஏகநாதன் 1984-ஆம் ஆண்டு முதல் என்னுடன் புட்டிகளைச் சுமந்தவர். நீர் பாதுகாப்புக் குழு ஒன்றின் செயலாளர். என் மீது அவருக்கு உள்ள அன்பில் எனக்கு எந்நாளும் ஐயம் இல்லை.

"இந்த மழைல ஏன் சார் வந்தீங்க? ஒரு போன் அடிச்சிருந்தா நானே வந்திருப்பேன்ல," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

என் பெயரில் மனு கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்று கேட்டேன்.

"கேட்டா நீங்க வேணாம்னுதான் சொல்வீங்க சார். அதான் கேக்கல."

அந்தப் பெண் அதை எழுதவில்லை என்றேன்.

"சார், நீங்க எல்லாரையும் நம்பிடுவீங்க. அவ அப்பன் சம்பளம் எங்கேர்ந்து வருது? தோல் கம்பெனிலேர்ந்து. அவளே அத எழுதி வச்சிருக்கா. இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் சார் வேணும்?"

"மறைத்துச் செய்ய நினைப்பவர் அதை எழுதி வைப்பாரா, ஏகநாதன்?"

"அதுவும் ஒரு டெக்னிக்தான் சார்."

அதன் பின்னர், மனுவுடன் கொடுத்த சான்று என்ன என்று கேட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. இடப்புறம் இருப்பது திருத்துவதற்கு முந்தையது. வலப்புறம் இருப்பது திருத்திய பிந்தையது. திரையில் பார்த்தால் மாறிய இடங்கள் வண்ணத்தில் தெரியும். ஏகநாதன் வைத்திருந்தது கறுப்பு வெள்ளை அச்சு. இடப்புறத்தில் "ஏசுபாதம் மோசடிக்காகக் கைது செய்யப்பட்டார்" என்ற வரி இருந்தது. அதன் கீழ் அவர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். வலப்புறத்தின் தலைப்பில் ஷபீனாவின் பெயர் இருந்தது. அதையும் சிவப்பில் வட்டமிட்டு, இரண்டையும் ஓர் அம்புக்குறியால் இணைத்திருந்தார்.

வலப்புறத்தை உரக்கப் படிக்கும்படி அவரிடம் சொன்னேன். படித்தார். இன்னொரு முறை மெதுவாகப் படித்தார்.

"இதுல கைதுன்னே இல்லையே சார்."

"இல்லை."

"அப்ப இந்தப் பக்கம் கீறது..."

"அது அவர் நீக்கியது. மேலே பாருங்கள், அதை எழுதியவருக்குப் பெயரே இல்லை, எண்தான் இருக்கிறது. எழுதியதை நீக்கியவரை, எழுதியவர் என்று மனுக் கொடுத்திருக்கிறீர்கள்."

அடுத்த அறையிலிருந்து ஒரு மாணவி எட்டிப் பார்த்து, "சார், இன்னிக்கு டெஸ்ட் உண்டா?" என்று கேட்டார். "உக்காரும்மா, வரேன்," என்றார் ஏகநாதன். தாளைக் கீழே வைக்கவில்லை.

நான் நடந்த வரிசையை அவருக்கு எடுத்துச் சொன்னேன். 12.09.2009 சனிக்கிழமை இரவு 9.20 மணிக்கு, ஏகநாதனே கட்டுரைக்குள் சென்று, வீட்டில் வைத்தது பற்றிய மூவர் குழுவின் அந்த வரியை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நான் "அப்பழுக்கற்றவர், நீரியல் மாமேதை" என்று எழுதியிருக்கிறார். அன்று நள்ளிரவுக்குள், எண் மட்டும் கொண்ட ஒருவர் வந்து, "உண்மையை மறைக்கிறார்கள்" என்று காரணம் காட்டி, நான் கைது செய்யப்பட்டதாக எழுதியிருக்கிறார். அப்போது ரமலான் மாதம். ஷபீனா, நோன்பு தொடங்குமுன் விடியலில் உண்ணும் சஹர் உணவுக்கு எழுந்தபோது பார்த்து, 13-ஆம் தேதி அதிகாலை 4.05 மணிக்கு அந்தப் பொய்யை நீக்கி, குழுவின் வரியை மீண்டும் வைத்திருக்கிறார். மாமேதையையும் நீக்கியிருக்கிறார். (வரலாற்றுப் பக்கத்தில் காட்டும் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. கூட்டிக் கணக்கிட்டே இங்கு எழுதியுள்ளேன்.)

"நான் மாமேதைய எடுத்தத மட்டும்தான் சார் பாத்தேன்," என்றார் ஏகநாதன். தாளை மடித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னான்னு சார் சொல்வேன்?" என்று கேட்டார்.

முதலில் காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "எங்க குழு பேராவது கட்டுரைல ஒரு ஓரமா இருக்கட்டும் சார்," என்றார். சான்று கொடுத்தால் இருக்கும் என்றேன்.

17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் இருவரும் இக்காவல் நிலையத்துக்கு வந்தோம். உதவி ஆய்வாளர் திருமதி காந்திமதி அவர்கள் எனக்கு நாற்காலி அளித்து, தொலைபேசி இருமுறை ஒலித்தும் எடுக்காமல், நான் சொன்னதை முழுமையாகக் கேட்டார்கள். அச்சுத் தாளின் இரு புறங்களையும் விரல் வைத்துப் படித்தார்கள். பிறகு ஏகநாதனிடம், "நெருப்ப அணைக்க வந்தவங்கள புடிச்சாந்து, வச்சவங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நாங்களும் அத வாங்கி வச்சிருக்கோம்," என்றார்கள். ஏகநாதன் அங்கேயே மனுவைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தார். அந்நேரம் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தாவுல்லாவிடம் அவர் தாமே சென்று பேசினார். என்ன பேசினார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அத்தாவுல்லா அவர் தோளில் இருமுறை தட்டியதைப் பார்த்தேன்.

அதன் பின்னர் உதவி ஆய்வாளர் அவர்கள், மனு என் சார்பில் என்று உள்ளதால் என் வாக்குமூலமும் இருந்தால்தான் முடித்துவைக்க இயலும் என்று கூறி, ஒரு விவரம் கேட்டார்கள். "சார், அந்த ஃப்ரிட்ஜ் விஷயம் இருக்குல்ல. அந்த வரி உங்களுக்கு மனசுக்குக் கஷ்டம்னா அதையும் இதுலயே எழுதுங்க. அந்தப் பொண்ணுக்கு பாஸ்போர்ட் அவசரம். இப்ப சொன்னா எடுத்துடுவாங்க," என்றார்கள். என் மீது கொண்ட மரியாதையால், நல்லெண்ணத்துடன் கேட்கப்பட்ட கேள்வி அது. நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

அந்த இரண்டு நாட்களும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். என் பேத்தி வெளியூரில் பொறியியல் படிக்கிறாள். அவளும் அவள் தோழிகளும் அக்கட்டுரையைப் படிப்பார்கள். நான் கேட்டால் இன்று அந்த வரி போய்விடும் என்பதும் உண்மை. அந்தப் பெண் இப்போது இருக்கும் நிலையில் மறுப்பது அவருக்குக் கடினம். ஆனால் நான் முப்பது ஆண்டுகளாக எழுதிய ஒவ்வொரு அறிக்கையிலும், எந்தப் புட்டி எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு பகுதி இருக்கும். அது இல்லாத அறிக்கையை நான் மற்றவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டதில்லை. எனக்கு மட்டும் அது இல்லாத ஒரு கட்டுரையைக் கேட்டு வாங்குவது முறையாகாது. அந்த வரி இருப்பதால்தான், அதற்கு முன் உள்ள வரியை, அதாவது நான் கலப்படம் செய்யவில்லை என்பதை, என்னை அறியாத ஒருவர் படித்து நம்புவார். காவல் நிலையத்தில் சொல்லி நீக்கியது தெரிந்தால் அந்த நம்பிக்கையும் போய்விடும்.

ஆகவே என் பதில்: அந்த வரி நீக்கப்பட வேண்டாம். அதை நீக்கும்படி ஷபீனாவிடம் என் பெயரால் இனி எவரும் கேட்க வேண்டாம்.

இவ்விவகாரத்தில் ஷபீனா என்பவர் என்னைப் பற்றிப் பொய்யாகவோ அவதூறாகவோ ஒரு சொல்லும் எழுதவில்லை. என் மீது பழி கூறியவர்களிடமிருந்தும், என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்தவர்களிடமிருந்தும் என் பெயரைக் காத்தவர் அவர். இருபது மாதங்கள் நான் அறியாமலேயே இது நடந்திருக்கிறது. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றி, அலுவலகக் காகிதத்தில் எழுதத்தக்க அளவினதன்று எனினும், இங்கு எழுதாவிட்டால் வேறெங்கும் அது பதிவாகாது என்பதால் எழுதுகிறேன். தம் மகளை அழைத்துக்கொண்டு, முன்பின் அறியாத என் வீட்டுக்கு நேரில் வந்து கேட்ட அத்தாவுல்லா அவர்களுக்கும், பொறுமையுடன் விசாரித்த உதவி ஆய்வாளர் அவர்களுக்கும், தவறு என்று கண்டதும் அதே நாளில் திருத்திக்கொண்ட ஏகநாதனுக்கும் நன்றி கூறுகிறேன்.

மனு எண் 318/2009-ஐ முடித்துவைக்கும்படியும், ஷபீனாவின் கடவுச்சீட்டுச் சரிபார்ப்பில் இம்மனு ஒரு தடையாகக் குறிக்கப்படாமல் அறிக்கை அனுப்பும்படியும் வேண்டுகிறேன்.

மேலே உள்ளவற்றை எவருடைய வற்புறுத்தலும் இன்றி என் கையால் எழுதி, இருமுறை படித்துப் பார்த்தேன். நான் நேரில் கண்டதையும் கேட்டதையும் படித்ததையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை, அவை உண்மை.

(ஒப்பம்) தே. ஏசுபாதம்
19.11.2009, பிற்பகல் 12.55 மணி

இணைப்புகள்:

1. என்னைப் பற்றிய கட்டுரை, 18.11.2009 மாலை 5.30 மணிக்கு உள்ளபடி, வண்ண அச்சு, மூன்று தாள்கள். குறிப்பிட்ட வரி இரண்டாம் தாளில் உள்ளது.

2. 13.09.2009 அன்று ஷபீனா செய்த திருத்தத்தைக் காட்டும் ஒப்பீட்டுப் பக்கம், வண்ண அச்சு, ஒரு தாள். இடப்புறத்தில் "முன்" என்றும் வலப்புறத்தில் "பின்" என்றும் என் கைப்பட எழுதியுள்ளேன்.

3. மூவர் குழுவின் 29.08.2008 தேதியிட்ட அறிக்கை, நகல், பதினாறு பக்கங்கள். பதினோராம் பக்கத்தில் எனக்குச் சாதகமான வாக்கியமும் பாதகமான வாக்கியமும் பென்சிலால் கோடிடப்பட்டுள்ளன.

4. மனுவைத் திரும்பப் பெறுவதாக ஏகநாதன் எழுதிய கடிதத்தின் நகல், ஒரு தாள். அசல் தங்கள் கோப்பில் உள்ளது. அதில் அவர் தேதி இட மறந்துவிட்டார். அவரை இன்றே அழைத்து இடச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்; அந்தப் பெண்ணின் கடவுச்சீட்டு அதனால் ஒரு நாளும் தாமதமாகக் கூடாது.